பெத்லகேம் நட்சத்திரம் எது? வகுப்புக்கும் வீட்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் பூண்டியிலிருந்து வேளாங்கண்ணி வரை, தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடி வரை, கிறிஸ்தவ வீடு எது என்று வாசலில் தொங்கும் ஸ்டாரே சொல்லிவிடும். குடிலுக்கு மேலும் ஒன்று இருக்கும், பல இடங்களில் வாலோடு. அதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "இது நெஜமாவே வானத்துல வந்துச்சா?"

"ஆமா, சாமி அனுப்புனது" என்று சின்னப் பிள்ளைகளிடம் முடித்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதாது. அவன் பள்ளியில் கோள்களைப் படித்துவிட்டு வருகிறான். மறைக்கல்வி வகுப்பில் அந்தக் கேள்வியை அடக்கிவிட்டால், அதோடு சேர்த்து வேறு பல கேள்விகளையும் அவன் கேட்காமலே விட்டுவிடுவான். அதனால் மறைக்கல்வி, ஞாயிறுபள்ளி ஆசிரியர்களும் அன்பியத்திலோ வாலிபர் கூட்டத்திலோ பேசுகிறவர்களும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யும்படி எழுதியிருக்கிறேன். கையில் வேதாகமம், ஒரு போன், மழை விட்ட ஒரு ராத்திரி இருந்தால் போதும்.

முதல் படி: குடிலை மறந்துவிட்டு வசனத்தைப் படியுங்கள்

மத்தேயு இரண்டாம் அதிகாரம், 1 முதல் 16 வரை. நட்சத்திரம் வருவது நான்கே இடங்களில்: 2, 7, 9, 10 ஆகிய வசனங்கள். நான்கு நற்செய்திகளிலும் வேறெங்கும் இல்லை. லூக்காவில் வரும் இடையர்கள் வானதூதரைக் கண்டார்கள். நட்சத்திரத்தைக் கண்டதாக அங்கே ஒரு வரிகூடக் கிடையாது.

வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வசனத்தில் இருப்பது, மறுபக்கம் குடிலில் நாம் சேர்த்தது. நட்சத்திரத்தைக் கண்டு குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகள் மூன்று பேர் என்று வசனம் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் அரசர்கள் என்றும் இல்லை. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பிற்கால மரபு. அவர்கள் போய்ச் சேர்ந்தது தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்கு. நட்சத்திரம் கண்ணைக் கூசும்படி எரிந்தது என்றும் இல்லை, வால் இருந்தது என்றும் இல்லை.

வால் எங்கிருந்து வந்தது? இத்தாலியின் பதுவா நகரச் சிற்றாலயத்தில் ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் ஞானிகளின் வருகையைச் சுவரோவியமாகத் தீட்டினார். குடிலுக்கு மேலே நெருப்புப் பந்து போல ஒரு வால்நட்சத்திரத்தை வரைந்தார். 1301-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்திருந்தது. அதைப் பார்த்த நினைவில்தான் அப்படி வரைந்தார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நம் ஊர்க் குடில்களில் மூங்கில் சிம்பில் வால் வைத்துக் கட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தின் பின்னால் இப்படிப்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன.

இப்போது பிள்ளைகளை ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். யூதேயாவின் அரசன் ஏரோது ஞானிகளை இரகசியமாக அழைத்து, நட்சத்திரம் எப்போது தோன்றியது என்று விசாரிக்கிறான். அரண்மனையில் இருந்தவன் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது! எருசலேம் முழுக்க அண்ணாந்து பார்த்து வாய்பிளந்த வெளிச்சமாக இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. என் மனதில் இந்த முழு விஷயத்துக்கும் அச்சாணி இந்த ஏழாம் வசனம்தான். எல்லார் தலைக்கு மேலும் இருந்தது, வானத்தை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் புலப்பட்டது. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நாம் தேட வேண்டும்.

இரண்டாம் படி: எந்த ஆண்டுகளில் தேடுவது?

இயேசு கி.பி. 1-இல் பிறந்தார் என்று எடுத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த ஆண்டுக் கணக்கைத் துறவி தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் போட்டது கி.பி. 525-இல். அவர் கணக்கு சில ஆண்டுகள் தள்ளிப்போய்விட்டது.

நமக்குப் பிடிமானம் ஏரோதின் மரணம். ஒரு சந்திர கிரகணத்துக்குப் பிறகு, பாஸ்கா பண்டிகைக்கு முன்பு அவன் இறந்தான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசேஃபஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 4, மார்ச் 13-ஆம் தேதி கிரகணத்தைத்தான் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். கி.மு. 1, ஜனவரி கிரகணம்தான் அது என்று சொல்கிற சிலரும் உண்டு. இவர்களுக்கு நட்சத்திரமும் வேறாகிவிடும்.

ஞானிகள் சொன்ன காலத்தை வைத்து இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளை ஏரோது கொல்லச் சொன்னான். அப்படியானால் நட்சத்திரம் தோன்றி ஏறக்குறைய இரண்டு ஆண்டு வரை ஆகியிருக்கலாம். கி.மு. 7 முதல் 4 வரை என்று தேடும் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஞானிகள் யார் என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் நம் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. குருப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடியில் கூட்டம், சனிப்பெயர்ச்சி என்றால் திருநள்ளாற்றில் கூட்டம் என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஓராண்டு, சனி இரண்டரை ஆண்டு என்று பஞ்சாங்கம் பார்க்காதவருக்கும் தெரியும். குரு பெயர்ந்த ராத்திரியில் வானத்தில் எதுவும் பளிச்சென்று மாறுவதில்லை. ஆனாலும் ஊர் திரள்கிறது. அந்தப் பெயர்ச்சிக்கு அர்த்தம் இருப்பது கணக்குத் தெரிந்தவரிடத்தில்.

மத்தேயு சொல்கிற ஞானிகளும் அப்படிக் கணக்குத் தெரிந்தவர்கள். கிழக்கிலிருந்து வந்தவர்கள், பாபிலோனியாவோ பாரசீகமோ அவர்களுடைய ஊராக இருக்கலாம். பாபிலோனியர்கள் கோள்களின் நிலையைக் களிமண் பலகைகளில் எழுதிவைத்தார்கள். கி.மு. 7-6 ஆண்டுக்கான அவர்களுடைய பஞ்சாங்கமே நமக்குக் கிடைத்திருக்கிறது. குருவும் சனியும் மீனத்தில் இருப்பது அதில் மாதவாரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

"நாம் ஜோசியம் பார்க்கக்கூடாது என்கிறீர்கள், ஜோசியக்காரர்களை எப்படிக் கடவுள் கூப்பிட்டார்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும். நான்காம் நூற்றாண்டில் புனித ஜான் கிறிசோஸ்தோமுக்கும் இது பெரிய சிக்கலாக இருந்தது. ஞானிகளுக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டே கடவுள் அவர்களை அழைத்தார் என்று அவர் விளக்கினார். யூதர் அல்லாதவர்களில் முதன்முதலாக வந்து பணிந்தவர்கள் இவர்கள்தான் என்று மத்தேயு கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். அதை நாமும் மறைக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதியுங்கள்

சோதனைக்கு மூன்று கேள்விகள் போதும். அந்த நான்கு ஆண்டுக்குள் வருகிறதா? எருசலேமில் சாதாரண ஆட்கள் கவனிக்காமல் விட்டிருக்க முடியுமா? "யூதருக்கு ஒரு ராஜா பிறந்திருக்கிறார்" என்று கிழக்கத்திய ஞானி ஒருவர் நினைக்க அதில் காரணம் இருக்கிறதா?

ஹாலி வால்நட்சத்திரத்தைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். அது வந்தது கி.மு. 12-இல்.

கி.மு. 5-இல் வந்ததை அப்படித் தள்ள முடியாது. அந்த ஆண்டு வசந்த காலத்தில் ஒரு 'துடைப்ப நட்சத்திரம்' எழுபது நாளுக்கு மேல் தெரிந்ததாகச் சீனாவின் ஹான் அரசவைக் குறிப்பு சொல்கிறது. மகர ராசிப் பக்கம் தெரிந்திருக்கிறது. இதுதான் பெத்லகேம் நட்சத்திரம் என்று பிரிட்டிஷ் அறிவியலாளர் கொலின் ஹம்ஃப்ரீஸ் 1991-இல் வாதிட்டார். அவர் பக்கம் வலுவான ஒரு சான்றும் இருக்கிறது. ஒரு நட்சத்திரம் ஒரு ஊருக்கு மேல் 'நின்றது' என்று வால்நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். எருசலேம் அழியுமுன் வாள் போன்ற நட்சத்திரம் ஒன்று நகருக்கு மேல் நின்றதாக ஜொசேஃபஸ் எழுதுகிறார். ஆனால் வால்நட்சத்திரம் என்றால் அன்றும் கெட்ட சகுனம்தான். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் இறந்தபின் வந்ததை ரோமர்கள் அவர் தெய்வமானதற்கு அடையாளமாகக் கொண்டது ஒரு விதிவிலக்கு. அதோடு, எழுபது நாள் துடைப்பம் போல நின்றதை ஏரோது பார்க்கவில்லையா என்ற இடத்தில் எனக்கு இது இடிக்கிறது.

புது நட்சத்திரமாக இருக்குமா? வெகுதூர விண்மீன் ஒன்று வெடித்து, திடீரென்று சில வாரங்கள் பிரகாசமாகும். அந்தச் சீனக் குறிப்பில் அது நகர்ந்ததாகச் சொல்லப்படாததால், வாலில்லாத புது நட்சத்திரமாகவே இருக்கலாம் என்பாரும் உண்டு. ஒன்றைக் 'துடைப்பம்' என்று எழுதிவைத்த பிறகு அப்படிக் கொள்வது கடினம்.

அடுத்தது குரு-சனி சேர்க்கை. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஜெர்மானிய வானியலாளர் ஜோகன்னஸ் கெப்ளர் 1603 டிசம்பரில் குருவும் சனியும் நெருங்கியதைப் பார்த்தார். அடுத்த ஆண்டு, 1604-இல், அதே பகுதியில் ஒரு புது நட்சத்திரம் வெடித்துத் தெரிந்தது. அவர் பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது கி.மு. 7-இல் இதேபோல ஒரு சேர்க்கை நடந்திருப்பது தெரியவந்தது. சேர்க்கைதான் நட்சத்திரம் என்று கெப்ளர் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள்; அது சரியல்ல. சேர்க்கையை ஒட்டிக் கடவுள் அற்புதமாகப் புதிதாய் ஒன்றைத் தோன்றச் செய்தார் என்பதே அவர் எண்ணம்.

குருவும் சனியும் சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை நெருங்கும். கி.மு. 7-இல் மட்டும் என்ன விசேஷம்? ஒரே ஆண்டில் மூன்று முறை நெருங்கின: மே இறுதியில், அக்டோபர் தொடக்கத்தை ஒட்டி, மறுபடி டிசம்பர் தொடக்கத்தில். மூன்றும் மீன ராசியில். இதற்குக் காரணம் வக்ரகதி. கும்பகோணம் சாலையில் நாம் போகும் பேருந்து, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரை முந்தும்போது, தூரத்து மரங்களோடு வைத்துப் பார்த்தால் டிராக்டர் பின்னால் போவதாகத் தோன்றும். பூமி உள்வட்டத்தில் வேகமாகச் சுற்றி வெளிக்கோள்களை முந்தும்போதும் இதுவே நடக்கிறது. இப்படி மூன்று முறை நெருங்குவது அபூர்வம். 1980-81இல் கன்னி ராசி விண்மீன்கள் பக்கம் நடந்தது, அடுத்தது 2238-39இல்தான்.

இரண்டும் ஒட்டி ஒரே வெளிச்சமாகிவிட்டதாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவற்றுக்கிடையே ஏறக்குறைய 1 டிகிரி இடைவெளி எப்போதும் இருந்தது. கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் சுமார் 1 டிகிரி. முழுநிலா அதில் பாதிதான். பிள்ளைகளை இப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஆக, தெருவில் போகிறவர் நின்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை. கோள்களைத் தினமும் குறிப்பவருக்கோ அந்த ஆண்டு முழுவதுமே ஒரு செய்தி. ஆண்டிலும் பொருந்துகிறது, ஏரோது அறியாமல் இருந்ததற்கும் பொருந்துகிறது. ஒரு குறை: நான் மேலே சொன்ன பாபிலோனியப் பலகை கோள்களின் இடத்தை மட்டும் எழுதுகிறதே தவிர, அந்தச் சேர்க்கையைத் தனியாக எடுத்துக் கொண்டாடவில்லை.

அமெரிக்க வானியலாளர் மைக்கேல் மோல்னார் 1999-இல் வேறொன்றைச் சொன்னார். கி.மு. 6, ஏப்ரல் 17-இல் மேஷ ராசியில் குருவைச் சந்திரன் மறைத்தது. அந்தக் கால ஜோதிடத்தில் மேஷம் யூதேயாவுக்குரிய ராசி. ஆட்டுக்கடா ஒன்று தலையைத் திருப்பி நட்சத்திரத்தைப் பார்க்கும் உருவம் பொறித்த அந்தியோக்கியா நாணயம் அவருக்குக் கிடைத்தது. தேடலே அங்கேதான் தொடங்கியது. அந்த மறைப்பு பகல் வெளிச்சத்தில் நடந்ததால் கண்ணால் பார்த்திருக்க முடியாது, கணக்கால் மட்டுமே தெரிந்திருக்கும். "நட்சத்திரத்தைக் கண்டோம்" என்று ஞானிகள் சொல்வதோடு இது முழுதாக ஒட்டவில்லை. ஆனால் 'ஏன் யூதேயா?' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை வேறெதுவும் தரவில்லை.

கி.மு. 2, ஜூன் 17-இல் சுக்கிரனும் குருவும் மிக நெருங்கி ஒன்றாகவே தெரிந்தன. காட்சி என்று பார்த்தால் இதுதான் அழகு. இணையத்தில் ஓடும் வீடியோக்களில் பாதி இதைத்தான் காட்டும். ஏரோது கி.மு. 4-இல் இறந்திருந்தால் இது செல்லாது.

ஐந்தாம் படி: ஒன்பதாம் வசனத்தை வெளியே நின்று படியுங்கள்

ஞானிகள் எருசலேமிலிருந்து கிளம்பும்போது நட்சத்திரம் அவர்களுக்கு முன்னே போய், பிள்ளை இருந்த இடத்துக்கு மேல் வந்து நின்றது என்கிறது ஒன்பதாம் வசனம். பெத்லகேம் எருசலேமுக்குத் தெற்கே சுமார் 9 கிலோமீட்டர். நடந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

இதை வகுப்பறையில் விளக்காதீர்கள். பிள்ளைகளைத் தெருவுக்கோ வாய்க்கால் கரைக்கோ கூட்டிப்போங்கள். ஒரு தென்னை மரத்தின் குருத்துக்கு நேர் மேலே தெரிகிற விண்மீன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கரையோடு ஐம்பதடி நடந்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதே விண்மீன் இப்போது பக்கத்துத் தோப்பு மரத்துக்கு மேல் நிற்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் மாதா கோயில் கோபுரத்துக்கு மேல். அரை மணி நேரம் கழித்து முதலில் நின்ற இடத்துக்கே வந்தால், அது குருத்தை விட்டு மேற்கே விலகியிருக்கும். அவ்வளவு தூரத்தில் இருக்கிற எதுவும் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டாது என்பதை அவர்கள் கண்ணாலேயே தெரிந்துகொள்வார்கள்.

வக்ரகதி தொடங்கும்போது கோள் சில நாட்கள் அசையாமல் நிற்குமே, அதுதான் 'நின்றது' என்று சில நூல்கள் சொல்லும். அது மற்ற விண்மீன்களோடு ஒப்பிட்டால் நிற்பது. அந்த ராத்திரியிலும் அது எல்லா விண்மீன்களோடும் சேர்ந்து கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டேதான் இருக்கும். இரண்டு மணி நேர நடையில் அந்த நிறுத்தம் யாருக்கும் தெரியாது.

கிறிசோஸ்தோம் இதைத் தெளிவாகவே பார்த்தார். வடக்கிலிருந்து தெற்கே போனது, மறைந்து மீண்டும் தோன்றியது, ஒரு குழந்தை இருந்த இடத்தைக் காட்டும் அளவுக்குத் தாழ இறங்கியது. ஆகவே இது விண்மீனே அல்ல, விண்மீன் வடிவில் வந்த ஒரு சக்தி என்றார். அவருக்கு முன், மூன்றாம் நூற்றாண்டில், இறையியலாளர் ஒரிஜென் இதை வால்நட்சத்திர வகையைச் சேர்ந்த புதிய ஒன்று என்று கருதினார். அறிவியலோடு சேர்த்து யோசிப்பது திருச்சபைக்குப் புதிதல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த இருவரும் போதும்.

எண்ணாகமம் 24:17-ஐயும் இங்கே வாசியுங்கள். யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்று பிலேயாம் சொன்னதை மத்தேயுவின் வாசகர்கள் அறிந்திருந்தார்கள். பிலேயாமும் கிழக்கிலிருந்து வந்த, யூதர் அல்லாத ஒருவன். நட்சத்திரக் கதையே இந்த வசனத்திலிருந்து எழுந்த இறையியல் எழுத்து, வானத்தில் எதையும் தேட வேண்டாம் என்று சொல்லும் விவிலிய அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று வகுப்பில் பேசாதீர்கள்.

என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டாம் வசனத்தில் ஞானிகள் கண்டது கி.மு. 7-6 ஆண்டுகளில் குருவை ஒட்டி வானத்தில் நடந்தவை என்று நம்புகிறேன். ஒன்பதாம் வசனத்துக்கு வானியலில் விடை தேட மாட்டேன். அங்கே மத்தேயு, கடவுள் அவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனதைச் சொல்கிறார். இரண்டையும் ஒரே கோளால் விளக்க முயல்கிறவர்கள்தான் கடைசியில் வானத்தையும் வசனத்தையும் சேர்த்து வளைக்கிறார்கள்.

ஆறாம் படி: கி.மு. 7-இன் வானத்தைப் போனில் பாருங்கள்

ஸ்டெல்லேரியம் என்ற செயலியைக் கணினியில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். போனிலும் இருக்கிறது, ஆனால் இந்த வேலைக்குக் கணினிதான் வசதி. இடத்தை எருசலேம் என்று கொடுங்கள். ஆண்டைக் கொடுக்கும்போது கவனம் தேவை. வானியல் கணக்கில் பூஜ்ஜிய ஆண்டு உண்டு, கி.மு. 1 என்பது 0, கி.மு. 2 என்பது -1. அதனால் கி.மு. 7-க்கு -6 என்று போட வேண்டும். -7 என்று போட்டால் ஓராண்டு தள்ளிப்போய், மீனத்தில் குருவைக் காணாமல் திகைப்பீர்கள்.

மே மாதத்தில் தொடங்கி ஒவ்வொரு வாரமாக நகர்த்துங்கள். குரு சனியை எட்டிப்பிடிப்பதும், திரும்பி வருவதும், மறுபடி கடப்பதும் திரையில் அப்படியே ஓடும். வாலிபர் கூட்டத்தில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினால் அரை மணி நேரப் பேச்சை இது மிச்சப்படுத்தும்.

ஏழாம் படி: வெளியே போய்ப் பாருங்கள்

டிசம்பரில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை இருக்கும். ஆனால் மழை விட்ட மறுநாள் ராத்திரி வானம் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருக்கும். அந்த நாளுக்குத் தயாராக இருங்கள். டெல்டா தட்டையான பூமி, அடிவானம் வரை தெரியும். கோள் உதிப்பதைப் பார்க்க பூம்புகார், தரங்கம்பாடி மாதிரியான கிழக்குக் கடற்கரைகள் நல்லது. வயல் பக்கம் போனால் சம்பா நிற்கிற வரப்பில் இறங்க வேண்டாம், விரியன் பாம்பு இருக்கும். வண்டிப் பாதையிலேயே நில்லுங்கள், காலில் செருப்பு அவசியம். டார்ச் முகப்பில் ஸ்டார் செய்து மிஞ்சிய சிவப்புக் கலர் பேப்பரை ஒட்டிவிடுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும்.

முதலில் குருவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விண்மீன் மினுக்கும், கோள் பெரும்பாலும் மினுக்காது. கண்டுபிடித்த ராத்திரியிலேயே ஒரு நோட்டில் குருவையும் சுற்றியுள்ள விண்மீன்களையும் புள்ளி வைத்து வரையட்டும். வாரத்துக்கு ஒருமுறை, ஞானிகள் வந்ததை நினைவுகூரும் திருக்காட்சித் திருநாள் வரை. நான்காவது படம் வரைவதற்குள் குரு நகர்ந்திருப்பது நோட்டில் தெரியும். ஞானிகள் செய்த வேலையும் இதுதான்.

2020 டிசம்பர் 21-இல் குருவும் சனியும் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கின. அது கி.மு. 7-ஐ விட மிகவும் நெருக்கம். அடுத்த சேர்க்கை 2040 அக்டோபர் 31-ஐ ஒட்டி, விடியலுக்கு முன், கிழக்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே. அப்போது இடைவெளி 1 டிகிரிக்குச் சற்றே அதிகம். ஞானிகள் பார்த்ததும் ஏறக்குறைய இதே அளவுதான். அது ஐப்பசி அடைமழைக் காலம். அன்றைக்கு மேகம் மூடினாலும் முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு இரண்டும் அருகருகேதான் இருக்கும். இன்று உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளிடம் அந்தத் தேதியை வேதாகமத்தின் உள் அட்டையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.